எந்த வேலைக்கு எந்தக் கிளே?

பாலிமர் கிளேயில் நகையும் பொம்மையும் செய்யப் பழகுவோருக்கும், வகுப்பெடுத்துப் பழக்குவோருக்கும் ஒரு திறந்த மடல்



பாலிமர் கிளே மண் அல்ல. பெயரில் கிளே இருக்கிறது, பிசைந்தால் மண்போலவே வளைந்து கொடுக்கிறது. அதனால் டெரகோட்டா நகை செய்து பழகிய கைகள் இதையும் ஒருவகைக் களிமண்ணாகவே எடுத்துக்கொள்கின்றன. உண்மையில் இது பிவிசி பிளாஸ்டிக்கின் நுண்ணிய தூளும், அதை இளக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற நீர்மமும், நிறமியும், கொஞ்சம் நிரப்புப் பொடியும் சேர்ந்த கலவை. இதில் தண்ணீர் இல்லை. ஆகவே வெறும் காற்றில் காய்வதில்லை. அடுப்பில் சூடு ஏறும்போது பிவிசி துகள்கள் அந்த நீர்மத்தை உறிஞ்சி ஊதுகின்றன. ஊதிய துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே பிளாஸ்டிக்காகின்றன. பெரும்பாலான கிளேக்களுக்கு இது 110 முதல் 130 டிகிரி செல்சியசுக்குள் நடந்துவிடுகிறது.

டெரகோட்டாக்காரர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. உமியும் வறட்டியும் அடுக்கிச் சுடும் சூட்டில் பாலிமர் கிளேயை வைக்கவே கூடாது. 180 டிகிரியை ஒட்டிய சூட்டில் பிவிசி சிதையத் தொடங்குகிறது. ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவருகிறது. கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும் வாயு அது. இரண்டு கிளேயையும் ஒரே வகுப்பில் சொல்லித் தரும் இடங்களில் இதை முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

வகுப்புகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி, எந்த பிராண்டு நல்லது என்பதுதான். அதற்குப் பதில் கிடையாது. தூளும் நீர்மமும் நிரப்புப் பொடியும் ஒவ்வொரு தயாரிப்பிலும் வேறு வேறு அளவில் இருக்கின்றன; அதனால் ஒன்று கையில் வெண்ணெயாக இளகுகிறது, இன்னொன்று அரை மணி நேரம் பிசைந்த பிறகே வழிக்கு வருகிறது. சுட்ட பிறகு ஒன்று ரப்பர்போல வளைகிறது, இன்னொன்று பிஸ்கட்போல ஒடிகிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: செய்யப்போகும் பொருள் என்ன பாடு படப்போகிறது? காதில் தொங்கி, துப்பட்டா நூலில் சிக்கி, கைப்பையின் அடியில் சாவிக்கொத்தோடு உருளப்போகிறதா? அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் யார் கையும் படாமல் நிற்கப்போகிறதா? இதற்குப் பதில் சொல்லிவிட்டால் கிளே பாதி தேர்வாகிவிடும்.

இந்தக் கிளேக்கள் பிறந்த கதையிலேயே இந்த வேறுபாடு தெரிகிறது. ஜெர்மனியின் பெயர்பெற்ற பொம்மைக் கலைஞர் கேத்தே குருசேயின் மகள் ஃபிஃபி, பொம்மைத் தலைகளுக்காக எடுத்தாண்ட கலவையிலிருந்து வந்தது ஃபிமோ. எபர்ஹார்டு ஃபேபர் நிறுவனம் 1964இல் அதை வாங்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஸ்கல்பி, மின்மாற்றிகளில் சூட்டைக் கடத்தும் பொருளாகப் பயன்படுத்த எண்ணி உருவாக்கப்பட்டது; அந்த வேலைக்கு ஆகாமல்போய், கைவினைக்கு வந்து சேர்ந்தது. ஒன்று உருவம் பிடிக்க வந்தது, மற்றது எங்கிருந்தோ வழிதவறி வந்தது. இன்று இரண்டு பெயர்களின் கீழும் பல வகைகள் விற்கின்றன. ஃபிமோ சாஃப்ட் வேறு, ஃபிமோ புரொஃபெஷனல் வேறு. ஸ்கல்பி த்ரீ வேறு, அதே நிறுவனத்தின் பிரீமோ வேறு, சூஃப்லே வேறு, சூப்பர் ஸ்கல்பி வேறு. பிராண்டின் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். வகையின் பெயரையும் படிக்க வேண்டும்.

இனி வேலைகள். முதலில் நகை, இங்கே அதிகம் செய்யப்படுவதும் அதுதான், அதிகம் ஒடிவதும் அதுதான்.

தட்டையான தோடு, இலை வடிவத் தொங்கல், ஜிமிக்கியின் குடை, பூவிதழ் எல்லாமே இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுக்குள் அடங்குபவை. இவ்வளவு மெல்லியதாக இருக்கும் பொருள் தாங்க வேண்டுமானால் அதற்குக் கெட்டித்தனத்தைவிட வளையும் தன்மையே முக்கியம். பிரீமோ, ஃபிமோ புரொஃபெஷனல், சூஃப்லே, வேறு பிராண்டுகளான கேட்டோ, செர்னிட் ஆகியவை சரியாகச் சுடப்பட்டால் வளைந்து கொடுக்கும். ஸ்கல்பி த்ரீ வளையாது. வண்ணம் நிறைய, விலையும் கைக்கு எட்டுகிற அளவில், கையில் எடுத்ததும் இளகிவிடும். அதனால் புதிதாகப் பழகுவோர் பலரும் அதில்தான் தொடங்குகிறார்கள், மெல்லிய இதழ் ஒடியும்போது தங்கள் கையைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்கள். கையில் குறையில்லை. தடித்த மணிக்கும் பொத்தானுக்கும் பொருந்தும் கிளேயை இதழுக்கு எடுத்ததுதான் பிழை.

ஒரு கிளே எப்படிப்பட்டது என்பதை வீட்டிலேயே சோதித்துவிடலாம். அதை இரண்டு மில்லிமீட்டர் தடிமனுக்குத் திரட்டி, ஒரு விரல் நீளமும் ஒரு சென்டிமீட்டர் அகலமும் உள்ள பட்டையாக வெட்ட வேண்டும். பொட்டலத்தில் சொல்லியபடி சுட்டு, முழுதாக ஆறவிட வேண்டும். சூடாக இருக்கையில் எல்லாக் கிளேயும் ரப்பர்போலத்தான் வளையும், அதை நம்பக் கூடாது. ஆறிய பட்டையின் இரு முனைகளையும் பிடித்து மெல்ல வளைத்தால், நல்ல நகைக் கிளே வில்லாக வளைந்து, விட்டதும் திரும்பும். ஒடிகிற கிளே பாதி வளைவிலேயே டக்கென்று இரண்டாகும். அப்படி ஒடிந்தால் உடனே கிளேயைக் குறை சொல்லிவிடக் கூடாது. அதே துண்டுகளை இன்னும் அரை மணி நேரம் சுட்டு, ஆறவைத்து, மறுபடி வளைத்துப் பார்க்க வேண்டும். இப்போது வளைந்தால் கோளாறு அடுப்பில், முன்பு வேகவில்லை என்று பொருள். இப்போதும் ஒடிந்தால் அது அந்தக் கிளேயின் குணம். ஒவ்வொரு வகைக்கும் ஒரு பட்டை வீதம் சுட்டு, பெயரெழுதி வைத்துக்கொண்டால் கடைக்காரரின் பரிந்துரையைவிட அது நம்பகமானது.

நகைக்குள்ளும் தேர்வு உண்டு. பெரிய தட்டைத் தோடுகளுக்கு சூஃப்லே நன்றாக அமையும். எடை குறைவு, மேற்பரப்பு மெல்லிய தோல்துணிபோல மங்கலாக முடியும், மெருகு தேவைப்படாது. பளபளப்பு வேண்டுமென்றால் அது சரிவராது. பிரீமோவையோ கேட்டோவையோ சுட்டபின் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் 400, 600, 1000 என்று படிப்படியாக இழைத்து, துணியால் தேய்த்து மெருகேற்றலாம். ஈரமாக இழைப்பது தூள் பறந்து மூச்சில் போகாமலிருக்கவும்தான்.

அடுத்தது கேன் வேலை. பல வண்ணத் திரிகளை அடுக்கி, உள்ளே பூவோ இலையோ முகமோ அமையும்படி ஒரு கட்டையாகச் சேர்ப்பது கேன். வாழைத்தண்டை எங்கே நறுக்கினாலும் அதே வட்டங்கள் தெரிவதுபோல, கேனை எங்கே நறுக்கினாலும் அதே பூ தெரியும். வெனிஸ் அருகே முரானோவில் கண்ணாடியில் செய்யப்படும் மில்லெஃபியோரி வேலையிலிருந்து கிளேக்கு வந்த உத்தி இது. அந்த இத்தாலியச் சொல்லுக்கு ஆயிரம் பூக்கள் என்று பொருள். கட்டையை அழுத்தி நீட்டி மெலிதாக்கும்போது உள்ளே இருக்கும் பூவும் உருக்குலையாமல் சிறுக்க வேண்டும். நறுக்கும்போது ஒரு வண்ணம் அடுத்த வண்ணத்தில் இழுபடக் கூடாது. இரண்டுக்கும் கெட்டியான கிளேதான் வேண்டும். ஃபிமோ புரொஃபெஷனலும், அமெரிக்கக் கைவினைக் கலைஞர் டோனா கேட்டோ தன் வேலைக்கென்றே உருவாக்கிய கேட்டோ பாலிகிளேயும் இதில் முன்னிற்பவை. கேட்டோ பிசைய மிகக் கடினம், சுடும்போது வாடையும் கொஞ்சம் தூக்கல். அதன் பலன் நறுக்கிய வில்லையின் கோடுகளில் தெரியும்.

கெட்டியாக இருப்பதைவிட முக்கியமானது, ஒரு கேனில் சேரும் எல்லா வண்ணமும் ஒரே பதத்தில் இருப்பது. சிவப்பு இளகியும் கறுப்பு இறுகியும் இருந்தால், நீட்டும்போது சிவப்பு இரண்டு நுனிக்கும் பிதுங்கி ஓடிவிடும். நடுவில் பூவே இருக்காது. இளகிய வண்ணத்தை மெல்லிய தகடாக்கி, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு இடையில் வைத்து, மேலே கனமான புத்தகம் ஒன்றை ஏற்றி சில மணி நேரம் விட்டால், தாள் மிகுதியான பிளாஸ்டிசைசரை உறிஞ்சிக்கொள்ளும். அப்பளம் பொரித்தெடுத்த தாள்போல எண்ணெய்க் கறை பரவுவது கண்ணுக்கே தெரியும். கட்டிய கேனை உடனே நறுக்காமல் ஆறவிட்டு, வெயில் காலத்தில் குளிர்பதனப் பெட்டியில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து நறுக்கினால் கோடுகள் கூராக வரும்.

உருவச் சிலைகளுக்கு வேறு கணக்கு. அங்கே கண்ணிமையும் நகமும் பதிய வேண்டும், பதிந்தது கையின் சூட்டில் மழுங்காமல் நிற்க வேண்டும். சூப்பர் ஸ்கல்பி இதற்காகவே திரைப்பட, பொம்மை வடிவமைப்பாளர்களிடம் பேர் வாங்கியது. இன்னும் கெட்டியாக வேண்டுவோருக்கு அதன் சாம்பல் நிற வகை உண்டு. அந்த நிறத்தில் நிழல் நன்றாக விழுவதால் நுணுக்கம் கண்ணுக்குத் துலங்கும். மனிதத் தோல் வேண்டுமென்றால் செர்னிட். ஒளி சற்றே ஊடுருவுவதால் சுட்டபின் பீங்கான் பொம்மையின் கன்னம்போல மிளிரும். ஆனால் கைச்சூட்டில் சீக்கிரம் இளகிவிடும். வியர்க்கும் கைகள் அதைச் சிறிது நேரம் கீழே வைத்து வைத்துத்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும்.

எந்தக் கிளேயானாலும் சிலையை முழுக்கட்டியாகச் செய்யக் கூடாது. உள்ளே அலுமினியத் தாளை இறுக்கிக் கசக்கி உருட்டிய மையம், கைகால்களுக்குக் கம்பி, அதன் மேல் ஒரு சென்டிமீட்டருக்கு மிகாத கிளே. அப்போதுதான் உள்வரை வேகும், வெடிக்காது, செலவும் குறையும்.

குட்டி உணவுப் பொருள்களுக்கு வருவோம். நவராத்திரிக் கொலுவின் செட்டியார் கடையிலும் குளிர்பதனப் பெட்டிக் காந்தங்களிலும் இட்லி, வடை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் இப்போது பாலிமர் கிளேயில் வருகின்றன. இங்கே ஒரே தட்டில் இரண்டு கிளே தேவைப்படும். இட்லி சிறியது, தடித்தது, வளையத் தேவையில்லாதது. ஸ்கல்பி த்ரீ போதும், அதன் மங்கலான முடிவு இட்லிக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. வெறும் வெள்ளையில் செய்தால் அது இட்லியாக இருக்காது, சுண்ணாம்புக்கட்டியாக இருக்கும். ஒரு பங்கு வெள்ளைக்கு இரண்டு பங்கு ஒளிகசியும் நிறமற்ற கிளேயைக் கலந்தால் ஆவியில் வெந்த தோற்றம் வரும். பழைய பல்துலக்கியின் மயிரால் மேலே குத்தினால் இட்லியின் கண்கள் அமையும். தோசையோ மெல்லியது, சுருண்டு நிற்பது. ஸ்கல்பி த்ரீயில் செய்தால் ஓரம் உதிரும், பிரீமோவில் செய்ய வேண்டும். முறுவலுக்குச் சாக்பீஸ் வண்ணக்குச்சியைச் சுரண்டிய பொடியைத் தூரிகையால் தொட்டுத் தடவலாம். சாம்பாருக்கும் சட்னிக்கும் திரவ கிளே. ஸ்கல்பியும் ஃபிமோவும் கேட்டோவும் புட்டிகளில் தருகின்றன. அதிலும் அதே வண்ணப்பொடி கலக்கும். சுட்ட துண்டோடு சுடாத துண்டை ஒட்டவும் இதே திரவ கிளேதான் பசை. முறுக்கும் இடியாப்பமும் வேண்டுமானால் எக்ஸ்ட்ரூடர் என்ற குழல் உண்டு. நம் முறுக்கு அச்சின் குட்டி வடிவம், இளகிய கிளேயைக் கேட்கும்.

கல் போலிகளுக்கு ஒளிகசியும் கிளேதான் அடிப்படை. பச்சைக்கல்லுக்கு நிறமற்ற கிளேயோடு ஒரு கடுகளவு பச்சை போதும். கூடினால் கல் பிளாஸ்டிக்காகிவிடும். தெளிவில் ஜெர்மனியின் பார்டோ பலராலும் முதலில் சொல்லப்படுகிறது. இந்த வகைகள் சூடு சற்று மிகுந்தாலும் பழுப்பேறும். மேலே அலுமினியத் தாளைக் கூடாரமாகக் கவிழ்த்துச் சுடுவது நல்லது.

கண்ணாடிக் குப்பி, எவர்சில்வர் டப்பா, மரச்சட்டம் ஆகியவற்றுக்கு மேல்பூச்சாகப் போட, மெல்லிய தகட்டை நீட்டி ஒட்டத் தகுந்த பிரீமோ போன்றவை ஏற்றவை. வழுவழுப்பான பரப்பில் கிளே தானாக ஒட்டாது. வெள்ளைப் பசையை மெலிதாகத் தடவி, காய்ந்த பிறகு கிளேயை ஏற்ற வேண்டும். உணவோ உதடோ படும் இடத்தில், அதாவது டம்ளரின் உட்புறத்திலோ விளிம்பிலோ, போடக் கூடாது. குழந்தைகளுக்கு இளகிய வகைகள் பொருந்தும், அடுப்பு வேலை பெரியவர்களுடையது. பழைய கிளேக்களில் இருந்த தாலேட் வகைப் பிளாஸ்டிசைசர்கள் சிலவற்றுக்கு அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைகள் பொருள்களில் வரம்பு வைத்தது. பெயரும் உள்ளடக்கமும் இல்லாமல் எடைக்கு விற்கும் கட்டிகளைக் குழந்தைகள் கையில் தராமல் இருப்பதே நல்லது.

சரியான கிளேயைத் தேர்ந்தாலும் அடுப்பு அதைக் கெடுத்துவிடும். வீடுகளில் இருக்கும் ஓடிஜி என்ற மின்னடுப்பின் குமிழ் 130 காட்டும்போது உள்ளே 110ஆகவும் இருக்கலாம், 150ஆகவும் இருக்கலாம். தனியாக ஒரு அடுப்பு வெப்பமானி வாங்கி உள்ளே வைப்பது மற்ற எல்லாக் கருவிகளையும்விட முந்திச் செய்ய வேண்டிய செலவு. ஃபிமோவுக்கு 110 டிகிரியில் 30 நிமிடம். பிரீமோவுக்கு 130இல், ஒவ்வொரு 6 மில்லிமீட்டர் தடிமனுக்கும் 30 நிமிடம். கேட்டோ 150 கேட்கும். பொட்டலத்தில் உள்ள சூட்டைத் தாண்டாதவரை நேரத்தைக் கூட்டுவதால் கெடுதல் இல்லை, உறுதிதான் கூடும். சூடு குறைவாகவோ நேரம் குறைவாகவோ சுட்டது பார்க்க நன்றாக இருக்கும், கையில் கெட்டியாகவும் இருக்கும். சில மாதம் கழித்து ஒடியும். பாதியில் மின்சாரம் போனால் பதற வேண்டாம். மின்சாரம் வந்ததும் மறுபடி முழு நேரமும் சுடலாம். மைக்ரோவேவ் அலையில் சுடக் கூடாது. கன்வெக்‌ஷன் வசதியுள்ள அடுப்பில், அந்த வசதியை மட்டும் பயன்படுத்திச் சுடலாம். கடாயில் மணலோ உப்போ போட்டுச் சுடும் வழக்கத்தில் அடித்தட்டு எத்தனை டிகிரி என்று யாருக்கும் தெரியாது. கருகவும் புகையவும் அதுவே வழி. தரை ஓடு ஒன்றின் மேல் பட்டர் பேப்பர் விரித்து அதன் மேல் வைத்தால் சூடு சீராகப் பரவும். வளைந்த இதழ்கள் சாயாமலிருக்க மக்காச்சோள மாவுப் படுக்கையில் புதைத்து வைக்கலாம். கிளேக்கு எடுத்த தட்டும் கட்டையும் கத்தியும் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது.

மேல்பூச்சில் நகப்பூச்சைத் தவிர்க்க வேண்டும். அதிலுள்ள கரைப்பான் கிளேயின் பிளாஸ்டிசைசரோடு சேர்ந்து, நாளாக ஆக மேற்பரப்பைப் பிசுபிசுக்க வைக்கும். விற்ற தோடு வாங்கியவர் கையில் ஒட்டுவது செய்தவருக்கு எவ்வளவு சங்கடம்! தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட வார்னிஷ் போதும்.

கடைசியாகச் சேமிப்பு. வேலூரிலும் மதுரையிலும் மே மாத வெயிலில் மூடிய காருக்குள்ளும் மொட்டைமாடி அறையிலும் ஏறும் சூடு, கிளேயை அடுப்புக்குப் போகும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கத் தொடங்கிவிடும். கோடையில் வாங்குவோர் கூரியரில் நாள்கணக்கில் வருவதைவிடக் கடையில் அழுத்திப் பார்த்து வாங்குவது நல்லது. விரல் பதியாத கட்டி ஏற்கெனவே வெயில் கண்டது. வீட்டில் இருட்டான, குளிர்ந்த அலமாரியில், பாலித்தீன் பையில் வைக்கலாம். தெளிவான கெட்டி பாலிஸ்டைரீன் டப்பாவில் நேரடியாக வைத்தால் பிளாஸ்டிசைசர் டப்பாவையே கரைத்து ஒட்டிக்கொள்ளும்.

பிசையும்போது பொடியாக உதிரும் பழைய கட்டியை உடனே தூக்கி எறிய வேண்டியதில்லை. துருவி, கனிம எண்ணெய் ஓரிரு சொட்டோ அதே நிறுவனத்தின் இளக்கும் திரவமோ விட்டு, பையில் கட்டி ஒரு நாள் வைத்துப் பிசைந்தால் பல கட்டிகள் மீளும். இளகிய வேறு கிளேயோடு கலந்தும் மீட்கலாம். சுடும் சூட்டை இரண்டில் குறைந்ததற்கு ஒட்டி வைத்து, முதலில் ஒரு பட்டை சுட்டு வளைத்துப் பார்க்க வேண்டும். துருவலிலேயே கடினமான மணிகள் கையில் நெருடினால் அவை வெந்துபோன துகள்கள். அவை இனி இளகாது. கல் போலிகளில் பொடிக்கல்லாகக் கலக்க மட்டும் உதவும்.